மெயினை அணைத்த பிறகு

காயில்காரருக்கு முதல் ஷாக் அடித்தது ஒரு திங்கட்கிழமை, எண்பத்து மூன்றாவது சுற்றில்.

தண்ணீர் மோட்டார் ஒன்றுக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். வலது கை சுற்றுக் கருவியின் கைப்பிடியில் இருந்தது. இடது கை விரல்களுக்கு நடுவே செம்புக் கம்பி வழுக்கிக்கொண்டு போனது. உதடு மட்டும் எண்ணியது. கருவியில் சுற்றுக் கணக்கு காட்டும் பெட்டி ஒன்று உண்டு. அதை அவர் நம்புவதில்லை. எண்பத்து மூன்று என்று உதடு சொன்னபோது வாசலில் யாரோ குடையை மடக்கும் சத்தம் கேட்டது. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினார். மண்டைக்குள் 'விர்'ரென்று ஒன்று ஓடி நின்றது. கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். கம்பி அவிழ்ந்து குதித்தது. சுற்றிய கணக்கு போயே போய்விட்டது.

இருபத்திரண்டு வருஷமாக மோட்டாருக்கும் மின்விசிறிக்கும் காயில் கட்டிப் பிழைக்கிறவர். அதனால்தான் தெருவில் அந்தப் பெயர். ஷாக் அவருக்குப் புது ஆள் இல்லை. விரல் வழியாக வந்திருக்கிறது, முழங்கை வழியாக வந்திருக்கிறது, ஒருமுறை வியர்த்த நெற்றி விசிறி இறக்கையில் பட்டு நெற்றி வழியாகவும் வந்திருக்கிறது. இதுவும் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டார். வேறு யாராவதாக இருந்தால் மயக்கம் என்றிருப்பார்கள், வெறும் வயிறு என்று ஒரு டீயைக் குடித்திருப்பார்கள். காயில்காரர் டெஸ்டரை எடுத்தார்.

மேஜையில் வைத்தார், அதன் விளக்கு எரியவில்லை. பிளக்கில் வைத்தார், எரிய வேண்டிய ஓட்டையில் எரிந்தது. கடைசியில் சுற்றுக் கருவியிலேயே வைத்துப் பார்த்தார். அது கையால் சுற்றுவது, அதற்கு வயரே கிடையாது. அந்த நேரத்தில் அது அவருக்குத் தோன்றவில்லை.

வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. நடு அறையில் அவர் மனைவி துணி தேய்ப்பாள். ஆஸ்பத்திரி வெள்ளைக் கோட்டுகளும் ஓட்டல் மேஜை விரிப்புகளும் மூட்டை மூட்டையாக வந்து, மடிப்பு மடிப்பாகத் திரும்பிப் போகும். தெருவுக்கு அவள் இஸ்திரியக்கா. அதற்கும் பின்னால் சமையலறை, அப்புறம் ஒரு துண்டு கொல்லை. ஒரே மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வாரக் கணக்கில் மழை பிடித்துக்கொண்டிருந்தது. சுவரெல்லாம் ஓதம் ஏறி, தொட்டால் விரல் நனைந்தது. இப்படிப்பட்ட மழையில் கரண்ட் கசியாவிட்டால்தான் ஆச்சரியம் என்று காயில்காரர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் நடு அறைக்குள் வந்து நின்றார்.

"பெட்டியைக் கீழ வை."

"எதுக்குங்க? இன்னும் நாப்பது விரிப்பு கிடக்கு."

"ஷாக் அடிக்குது."

"எனக்கு அடிக்கலயே."

"நீ ரப்பர் செருப்பு போட்டிருக்க."

"நீங்களும்தான் போட்டிருக்கீங்க."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். குனிந்து நிமிர்ந்ததில் இன்னொன்று அடித்தது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தியா? இப்ப அடிச்சுது. நிலைப்படியில வருது."

"அது மரம்ங்க."

"ஈர மரம்."

அக்கா இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விரிப்புகளை மூட்டையாகவே ஓரம் வைத்தாள். அன்று மாலை மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு, தெருக்கோடியில் இருந்த தையல்காரி வீட்டுக்குப் போய், அவள் பெட்டியை இரவல் வாங்கித் தேய்த்துக் கொடுத்தாள். தையல்காரி கேட்டதற்கு வீட்டில் வயர் வேலை நடக்கிறது என்றாள். பொய் சொல்லும்போது கை தடுமாறி ஒரு விரிப்பின் ஓரம் பழுப்பேறிவிட்டது. பதினைந்து வருஷத்தில் அவள் கையில் துணி கருகியது அது இரண்டாவது தடவை.

அவளுடைய பயம் கரண்டைப் பற்றியது அல்ல. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த மனிதர் எட்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, கேட்டால் காரணமும் இல்லை. குளிக்கச் சொன்னால் குளிக்க மாட்டார். கஞ்சியை ஊட்டினால் வாயில் வைத்துக்கொண்டு விழுங்க மறந்துவிடுவார். ஒருநாள் காலையில், "என்னை எதுக்கு எழுப்புற" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பாள், சாதாரணமாகத்தான் கேட்டார். அன்றைக்கே தம்பியைக் கூப்பிட்டு, ஆளைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினாள். மனச்சோர்வு என்றார் டாக்டர், தினமும் ஒரு மாத்திரை. ஆறு வாரத்தில் எழுந்து உட்கார்ந்தார், மூன்று மாதத்தில் பட்டறையைத் திறந்தார். இப்போது மறுபடி ராத்திரியில் தூக்கத்தில் கத்துகிறார், சட்டை வியர்வையில் தொப்பலாகிறது, டீ ஆறிவிட்டது என்று டம்ளரைத் தள்ளிவிடுகிறார். பழைய நோய் வந்துவிட்டது என்றே அவளுக்குத் தோன்றியது. அதை வாய்விட்டுச் சொன்னால் நிஜமாகிவிடும் போலிருந்தது, அதனால் சொல்லவில்லை.

புதன்கிழமை தம்பி வந்தான். ஊரில் பாதி வீட்டுக்கு அவன்தான் வயர்மேன். காயில்காரர் சொன்னதையெல்லாம் வாயைப் பிளந்து கேட்டான்.

"எங்க தொட்டா அடிக்குது மாமா?"

"தொட வேண்டாம் மாப்ள. இப்படித் திரும்புனாலே போதும்."

"தொடாமலே எப்படி?"

"அதான் எனக்கும் புரியல. காத்துல ஈரம் இருக்குல்ல?"

தம்பிக்கு மாமாவின் மேல் அபார மரியாதை. கருகிப்போன மோட்டாரை முகர்ந்து பார்த்தே எந்தக் காயில் போயிருக்கிறது என்று சொல்கிற ஆள். அவர் காற்றில் கரண்ட் வருகிறது என்றால் ஏதோ இருக்கும் என்று நம்பினான். அவன் நம்பியதுதான் வம்பாகப் போயிற்று. ஒரே ஒரு ஆள் "சும்மா இருங்க மாமா" என்று சொல்லியிருந்தால் ஒரு கொல்லையும் இரண்டு சுவரும் தப்பித்திருக்கும்.

முதலில் எர்த்தை, அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் குழாயை, சந்தேகப்பட்டார்கள். கொல்லையில் மழையோடு மழையாக ஒரு ஆள் இறங்குகிற ஆழத்துக்குக் குழி தோண்டினார்கள். பழைய குழாயைப் பிடுங்கிவிட்டுப் புதுசு இறக்கி, ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு உப்பு என்று போட்டு மூடினார்கள். மழை பெய்துகொண்டே இருக்க, அதற்கு மேல் ஒரு குடம் தண்ணீரையும் காயில்காரர் ஊற்றினார். முறை என்றால் முறைதான்.

"இப்ப பாருங்க மாமா."

காயில்காரர் கண்ணை இடது பக்கம் ஓட்டினார், வலது பக்கம் ஓட்டினார்.

"அடிக்குது."

வியாழக்கிழமை நடு அறை வயரை மாற்றினார்கள். வெள்ளிக்கிழமை பட்டறை வயரை. சுவரைக் கொத்தியதில் தேய்த்து வைத்த கோட்டுகளின் மேல் சுண்ணாம்பு உதிர்ந்தது. அக்கா கோட்டுகளை எடுத்து உதறி உதறி மறுபடி மடித்தாள். இடையில் வந்த வாடிக்கையாளர் ஒருவர் தன் மின்விசிறி ஆயிற்றா என்று கேட்டதற்கு, "ஆகலன்னா தூக்கிட்டுப் போய்யா" என்று காயில்காரர் சீறினார். அவர் பாவம், விசிறியை இறக்கையோடு அணைத்துக்கொண்டு மழையில் போனார்.

சனிக்கிழமை காலையில் தம்பிக்கே அலுத்துவிட்டது. மீட்டர் பெட்டிக்கு அடியில் ஸ்டூல் போட்டு ஏறி நின்றான்.

"மாமா, கடைசியா ஒண்ணு பாப்போம். மெயினை அணைச்சுட்டேன். ஃபியூஸையும் உருவிட்டேன். இந்தா பாருங்க, என் கையில இருக்கு. இப்ப வீட்டுல சொட்டு கரண்ட் கிடையாது. எங்க வேணும்னாலும் கை வைங்க."

காயில்காரர் எதிலும் கை வைக்கவில்லை. நடு அறையில் வந்து நின்று மெதுவாகக் கண்ணைத் திருப்பினார். முகம் சுண்டியது. உதடு லேசாகத் துடித்தது.

"அடிக்குது" என்றார்.

தம்பி ஸ்டூலிலிருந்து இறங்க மறந்து நின்றான். கையிலிருந்த ஃபியூஸைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான்.

"மாமா, கரண்டே இல்ல."

"தெரியுது."

"அப்ப எங்கேருந்து?"

காயில்காரர் தேய்ப்பு மேஜையில் உட்கார்ந்தார். நாலு நாளாக மண்வெட்டியும் சுத்தியலுமாகத் திரிந்த மனிதர், காற்று இறங்கிய மாதிரி ஆகிவிட்டார். "மாப்ள, எனக்குள்ளதான் லீக்கு போல" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது.

அக்கா அவர் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தாள். இரண்டு வருஷமாகக் கேட்கக் கூடாது என்று வைத்திருந்த கேள்வியை அப்போதுதான் கேட்டாள். மாத்திரையை அவரே வாங்கிக்கொள்வார், பட்டறை மேஜை இழுப்பறையில் வைத்து, காலை டீக்குப் பிறகு அவரே போட்டுக்கொள்வார். வளர்ந்த ஆளுக்குக் காவல் இருக்கக் கூடாது என்பது அவள் எண்ணம்.

"மாத்திரை போடுறீங்களா?"

அவர் முழங்காலில் இருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டார்.

"என்னைப் பாத்துச் சொல்லுங்க."

"நிறுத்திட்டேன்."

"எப்ப?"

"போன வாரம் வியாழக்கிழமை. இன்னியோட பத்து நாள்."

"குறைச்சு நிறுத்துனீங்களா?"

"குறைக்கிறது என்ன, கசாயமா? நிறுத்துறதுன்னா நிறுத்துறதுதான்."

தம்பி ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டான். "எர்த் தோண்டுறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே மாமா" என்றான் பரிதாபமாக. அவன் உள்ளங்கையில் இரண்டு இடத்தில் கொப்புளம்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்றார் காயில்காரர். அது உண்மைதான். மாத்திரையை விட்டு நாலு நாள் வரை ஒன்றுமே இல்லை. அந்த நாலு நாளும் தான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே டாக்டரிடம் போனார்கள். கூட்டம் அதிகமில்லாத கிளினிக். சுவரோரமாக நாலு நாற்காலி, ஓட்டை விழுந்த குடைத் தாங்கி, ஓடாத ஒரு மின்விசிறி. காயில்காரர் அதை அண்ணாந்து பார்க்கப் போய் ஷாக் வாங்கிக்கொண்டார். தம்பி வெளியிலேயே நின்றான். டாக்டரம்மா இரண்டு வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே டாக்டரம்மாதான். முடி மட்டும் இன்னும் கொஞ்சம் நரைத்திருந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கண்ணை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஓட்டுனா வருதா?" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இந்த மாத்திரையை டக்குனு நிறுத்துனவங்க நிறைய பேர் சொல்றதுதான். தலைக்குள்ள ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கும்பாங்க. தலைசுத்தல், வியர்வை, கெட்ட கெட்ட கனவு, எரிச்சல். எல்லாம் உண்டா?"

"எல்லாம் உண்டு."

"ஆனா வீட்டு வயரை மாத்துனது நீங்க ஒருத்தர்தான்."

காயில்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அக்காவுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், அது திரும்பி வந்துடுச்சா?"

டாக்டரம்மா அவளுக்கு உடனே பதில் சொல்லாமல் காயில்காரரிடம் திரும்பினார். வேலை செய்யத் தோன்றுகிறதா என்று கேட்டார்.

"தோணுது. சுத்த விட மாட்டேங்குது, அதான் கோவம்."

"மனுஷங்களைப் பாக்கப் பிடிக்கலயா?"

"பிடிக்குது. விசிறிக்காரரைத் திட்டிட்டேன், அவர் வீட்டுக்குப் போகணும்."

"செத்துடலாம்னு நெனப்பு வருதா? முன்னாடி வந்துச்சே."

அக்கா முந்தானையைச் சுற்றுவதை நிறுத்தினாள்.

"இல்லம்மா. சத்தியமா ஒரு தடவகூட வரல. லீக்கு எங்கேன்னு கண்டுபிடிக்காம விடக் கூடாதுன்னுதான் இருந்துச்சு."

டாக்டரம்மா இப்போது அக்காவைப் பார்த்தார். "இது பழைய நோய் திரும்பல. மாத்திரைக்குப் பழகிப்போன உடம்பு, திடீர்னு அது கிடைக்காம திண்டாடுது. இன்னிக்கே பழைய அளவை ஆரம்பிக்கச் சொல்றேன். பெரும்பாலும் ரெண்டு மூணு நாள்ல அடங்கிடும். அடங்கலன்னா, இல்ல மனசு இறங்குதுன்னா, உடனே வரணும்."

"இன்னொரு தடவ சொல்லுங்க டாக்டர்."

"எதை?"

"மொதல்ல சொன்னதை."

"பழைய நோய் திரும்பல."

அக்கா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஒரு வாரமாகச் சொல்லாமல் வைத்திருந்த பயம் கரைந்து ஓடுவதை அவளாலேயே நிறுத்த முடியவில்லை. டாக்டரம்மா ஒரு டம்ளர் தண்ணீரை அவள் பக்கம் தள்ளிவிட்டு, கொஞ்ச நேரம் ஜன்னலில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்தவே கூடாதுன்னு நான் சொல்லல" என்றார் பிறகு காயில்காரரிடம். "நிறுத்தலாம். எப்பன்னு சேர்ந்து முடிவு பண்ணி, மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும். உங்க தொழில்லயே பாருங்க, ஓடுற மோட்டாரை எப்படி நிறுத்துவீங்க?"

"சுவிட்சை அணைச்சா நின்னுடும்."

"சரி, அந்த உதாரணம் வேண்டாம்" என்றார் டாக்டரம்மா.

வெளியில் மழை தூறலாகக் குறைந்திருந்தது. மருந்துக் கடையிலேயே தண்ணீர் வாங்கி முதல் மாத்திரையை அக்கா கண்ணெதிரிலேயே போட்டுக்கொண்டார். தம்பி விஷயத்தைக் கேட்டு, "அப்பாடா" என்றான். "எர்த் போட்டது வீண்னு நெனைக்காதீங்க மாமா. இந்தத் தெருவுலயே இப்ப உங்க வீட்டு எர்த்துதான் ஒசத்தி." உருவிய ஃபியூஸ் இன்னும் தன் சட்டைப் பையிலேயே இருப்பதைக் கண்டுபிடித்து, அதை மாட்டுவதற்காக முன்னால் ஓடினான்.

இரண்டு பேரும் ஒரே குடையில் நடந்தார்கள். ஈரத் தார்ச்சாலை, பலகைக் கதவு திறக்கிற கடைகள், எங்கோ தாளிக்கிற வெங்காய வாசனை. அக்காவுக்குக் கால் லேசாக இருந்தது. பாதித் தெரு வந்ததும் கேட்டாள்.

"டாக்டர் காரணம் கேக்கல, நான் கேக்குறேன். எனக்கு நிஜத்தைச் சொல்லுங்க. எதுக்கு நிறுத்துனீங்க?"

அவர் ஒரு குட்டையைத் தாண்டிக் கால் வைத்தார்.

"போன மாசம் உன் கோட்டு மேல காயிலுக்குப் பூசுற வார்னிஷ் டப்பாவைக் கவுத்துட்டேன், ஞாபகம் இருக்கா?"

"ம்."

"பன்னெண்டு கோட்டு. தேய்ச்சு மடிச்சு, வண்டிக்குக் காத்திருந்தது. முன்னாடியா இருந்தா நீ போடுற சத்தத்துல தெருவே கூடியிருக்கும். அன்னிக்கு நீ சிரிச்ச. 'பரவாயில்லங்க, உங்க மேல படலயே'ன்ன. குழந்தைகிட்ட பேசுற மாதிரி." நிறுத்தி மூச்சு வாங்கினார். "எனக்கு அப்படியே சுருக்குன்னு இருந்துச்சு. நீ என்கூட சண்டை போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. இந்த மாத்திரை இருக்கிற வரைக்கும் நீ என்னை நோயாளியாத்தான் பாப்ப, ஒரு வார்த்தை கடிஞ்சு பேச மாட்டன்னு தோணிச்சு. அதான் விட்டுத் தொலைச்சேன். அப்பவாவது திட்டுவியான்னு."

அக்கா பத்தடி நடந்தாள். இன்னொரு பத்தடி நடந்தாள். பிறகு நடுத்தெருவில் நின்றுவிட்டாள். குடை ஒரு பக்கம் சாய்ந்து இரண்டு பேர் மேலும் தூறல் விழுந்தது.

"யோவ்" என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி அவள் கூப்பிட்டதில்லை. காயில்காரர் திடுக்கிட்டுப் பார்த்தார்.

"பன்னெண்டு கோட்டுய்யா. ரெண்டு நாள் தின்னரை ஊத்தி ஊத்தித் தேய்ச்சேன், தெரியுமா? விரல் நகமெல்லாம் வெந்துபோச்சு. அந்த நாத்தத்துல ஒரு வாய் சோறு இறங்கல. கண்ணைத் தொறந்துக்கிட்டு டப்பாவைக் கவுக்கிறது, கேட்டா சிரிச்சேனாம். சிரிக்காம என்ன பண்றது? உங்களுக்கு ஒண்ணுன்னா நான் எங்க போவேன்னு பயந்து பயந்து செத்தேன். திட்டணும்னா கேட்டு வாங்கிக்கிறதுக்கு என்ன? அதுக்கு மாத்திரையையா நிறுத்துவாங்க?"

கதவு திறந்துகொண்டிருந்த கடைக்காரர் பலகையைக் கையில் பிடித்தபடியே நின்று பார்த்தார். ஒரு ஜன்னல் திறந்தது.

"தின்னர்ல வார்னிஷ் சரியாப் போகாது" என்றார் காயில்காரர். "ஸ்பிரிட் ஊத்தியிருக்கணும்."

"அதை அன்னிக்கே சொல்ல வாய் இல்லையா?"

"நீ கேக்கவே இல்லையே."

"கேக்கணுமா? இருபத்திரண்டு வருஷமா வார்னிஷ்ல குளிக்கிற மனுஷன், பொண்டாட்டி முக்கி முக்கித் தேய்க்கிறதைப் பாத்துக்கிட்டு நின்னீங்களா?"

"நிக்கல. எனக்கு வெக்கமா இருந்துச்சு, உள்ள போயிட்டேன்."

"வெக்கமாம். கொல்லையை ஆள் உயரத்துக்குத் தோண்டுனீங்களே, அப்ப வரலியா வெக்கம்?"

"அது உன் தம்பி தோண்டுனது."

"என் தம்பியைச் சொன்னீங்கன்னா…"

பதில் சொல்ல அவர் அவள் பக்கம் வேகமாகத் திரும்பினார். உள்ளே 'விர்'ரென்று ஓடியது. கண்ணை மூடி, பக்கத்துச் சுவரில் கையை ஊன்றினார். அக்காவின் வாய் பாதியில் நின்றது. குடையைக் கீழே விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்தாள்.

"அடிச்சுதா?"

"ம்."

"அசையாதீங்க. போகட்டும்."

கடைக்காரர் குடையை எடுத்து வந்து இரண்டு பேர் தலைக்கும் சேர்த்துப் பிடித்தார். கொஞ்ச நேரம் மூன்று பேரும் அப்படியே நின்றார்கள்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"நிஜமா?"

"நிஜமா. நீ சொல்லிட்டு இருந்ததைச் சொல்லு."

அக்கா கடைக்காரரிடமிருந்து குடையை வாங்கிக்கொண்டாள். அவர் கையை விடாமல் வீட்டைப் பார்த்து நடந்தபடி, தம்பி விஷயத்தில் விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்கினாள்.